முதுமையும் இரு சீட்டுகளும்: சேலம் வட்டாரத்துக் கடல் கடந்தோர் வரலாறு பற்றிய ஓர் ஆய்வு

தொல்காப்பியர் கற்பியலில் பிரிவுக்குக் கால எல்லை வகுத்துள்ளார். ஓதற் பிரிவு மூன்றாண்டைக் கடத்தல் ஆகாது. வேந்தன் தொழில் குறித்த பிரிவு ஓராண்டிற்கு உட்பட்டது. பொருள் தேடிச் செல்லும் பிரிவும் அவ்வோராண்டிலேயே அடங்கும் என்பது உரையாசிரியர் கொள்கை. அதே இயலின் இறுதியில், இல்லறம் நடத்தி முதிர்ந்த தலைவனும் தலைவியும் மக்களொடும் சுற்றத்தொடும் கூடி அறத்திற் பழகுதலே கடந்த வாழ்வின் பயன் என்றும் அவர் கூறுகின்றார். இவ்விரு விதிகளும் தம்முள் தொடர்புடையன என யாம் கருதுகின்றோம். முதுமையில் சுற்றத்தொடு கூடியிருத்தல் கைகூட வேண்டுமெனின், பிரிவுக்கு ஓர் எல்லை இருத்தல் வேண்டும் அன்றோ?

அவ்வெல்லையை வகுக்கும் உரிமை இருபதாம் நூற்றாண்டில் அரசுகளின் கைக்கு மாறியது. பொருள்வயிற் பிரிந்த தமிழன் எங்கு முதுமை எய்தலாம், எத்துணை நாள் ஊரில் தங்கலாம், ஈட்டிய பொருளை எங்கு வைக்கலாம் என்பனவற்றை இரண்டு சீட்டுகள் முடிவு செய்யலாயின. ஒன்று நுழைவுச்சீட்டு, மற்றொன்று பணச்சீட்டு. அவ்வரலாற்றைச் சேலம் வட்டாரத்தை நிலைக்களமாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

1. ஊர் நீங்கிய காரணம்

செவ்வாய்க்கிழமைச் சந்தையாற் பெயர்பெற்ற செவ்வாய்ப்பேட்டை, தானிய மண்டிகளும் வெள்ளிப் பட்டறைகளும் நிறைந்த சேலத்தின் வணிகப் பகுதி. சுற்றூர் உழவர் விளைவை விற்று வேண்டுவன கொள்ளும் இடம். இத்தகைய சந்தையின் செழிப்பும் சோர்வும் வானத்தையே நோக்கியிருந்தன. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் பட்ட துயரைக் குடிமதிப்புக் கணக்கே காட்டும். 1871-இல் ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை, 1881-இல் 16 இலட்சமாகச் சுருங்கியது. அக்காலச் சேலம் மாவட்டம் இன்றைய தருமபுரி, நாமக்கல் பகுதிகளையும் உள்ளடக்கியது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா இரப்பர்த் தோட்டங்களுக்கும் ஆட்களை மிகுதியாக அனுப்பிய மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் ஆகியவற்றொடு சேலமும் ஒன்று. இலங்கைக்கு மண்டபம் முகாம் வழியாகவும், மலாயாவுக்கு நாகப்பட்டினம், சென்னைத் துறைமுகங்கள் வழியாகவும் இவர்கள் சென்றனர். 1926-இல் ஓடத் தொடங்கிய ‘ரஜூலா’ என்னும் கப்பலின் பெயர் இருதலைமுறைத் தமிழர் நாவில் வழங்கியது. கங்காணியொடு சென்றோர் இரண்டு மூன்றாண்டு உழைத்து ஊர் திரும்புதலும், மீண்டும் செல்லுதலும் வழக்கமாயின. அக்காலத்து இவர்கள் பிரித்தானியப் பேரரசின் குடிகளாகக் கருதப்பட்டமையால், மலாயாவில் 1933-இல் அயலார்க்கென வகுக்கப்பட்ட நுழைவுக் கட்டுப்பாடும் இவரைத் தொடவில்லை. முதுமையும் நோயும் உற்றோரை ஊருக்கு அனுப்பும் செலவை, 1907-இல் தோட்டத்துரைமாரிடம் வரி பெற்று நிறுவப்பட்ட குடியேற்ற நிதி ஏற்றது. உழைப்பு ஓய்ந்தபின் ஊர் திரும்புதல் என்பதே அன்றைய ஒழுங்கு. அது கருணையால் அமைந்தது என்பதினும், உழைக்க இயலாதாரைத் தாங்கும் பொறுப்பைத் தோட்டங்கள் தவிர்த்தமையால் அமைந்தது என்பதே பொருந்தும்.

2. பணச்சீட்டு

ஆள் திரும்புமுன் பணம் திரும்பிற்று. தொழிலாளர் அஞ்சல் நிலையத்து மணியார்டர் வழியாக ஊருக்குப் பணம் விடுத்தனர். வணிகர் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகளில் உண்டியல் பெற்றனர். கோயிலிற் காணிக்கை இடும் பெட்டிக்கு வழங்கும் உண்டியல் என்னும் சொல், கடல் கடந்த பணமாற்றுச் சீட்டையும் குறித்தமை கருதத்தக்கது. 1937-இல் மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவி, காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்றிடத்தும் ஒருங்கே தொடங்கியதும், அடுத்துப் பினாங்கில் கிளை கண்டதும் இத்தேவையின் விளைவே.

1942 முதல் 1945 வரை நிகழ்ந்த சப்பானியர் ஆட்சியில் இவ்வழி அடைபட்டது. மலாயாவில் சேர்த்த ‘வாழைமர நோட்டு’ போர் முடிந்ததும் வெறுந்தாளாயிற்று. போரின்பின் பணத்தின் மேல் அரசின் பிடி இறுகியது. இந்தியா 1947-இலும் இலங்கை 1953-இலும் அயல்நாட்டுச் செலாவணிச் சட்டங்களை இயற்றின. தாய்க்குப் பணம் அனுப்பவும் இனி அரசின் இசைவு வேண்டுவதாயிற்று.

3. நுழைவுச்சீட்டு

இலங்கையில் 1948-இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரைக் குடியுரிமை அற்றோர் ஆக்கியது. 1949-இன் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது. ஆயினும் மணமானோர் 7 ஆண்டும் மணமாகாதோர் 10 ஆண்டும் இடையறாது வதிந்தமையைச் சான்றுடன் காட்டல் வேண்டும். ஒருமுறை 12 திங்களுக்கு மேல் நாட்டைவிட்டு நீங்கியிருப்பின் அவ்வதிவு அறுந்ததாகக் கொள்ளப்பட்டது. மனைவி மக்களும் உடன் வதிதல் வேண்டும். தாயின் இறுதிக் காலத்தில் அருகிருக்க ஊர் வந்து ஓராண்டைக் கடந்தவனும், குழந்தைகளை ஊரில் பாட்டியிடம் விட்டவனும் தம் உரிமைக்குத் தாமே ஊறு செய்தவராயினர். ஏறத்தாழ 8,25,000 பேர்க்காக விண்ணப்பங்கள் இடப்பட்டன. குடியுரிமை எய்தினோர் ஏறத்தாழ 1,34,000 பேரே.

மலாயாவில் 1953 ஆகஸ்டுத் திங்களில் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம், ஊர் சென்று மீள்வோர்க்கு மறுநுழைவு இசைவைக் கட்டாயம் ஆக்கியது. 1959-இல் அது மேலும் இறுகியது. கணவனைப் பிரிந்து தொடர்ந்து ஐந்தாண்டு வாழ்ந்த மனைவியர்க்கும் ஆறு வயது நிரம்பிய பிள்ளைகட்கும் வாயில் அடைக்கப்பட்டது. 1957-இல் மலாயா விடுதலை எய்தியபோது குடியுரிமை பெறும் வாய்ப்பு இருந்தும், தோட்டத் தொழிலாளர் பலர் அதனைப் பெறாது விட்டனர். ஊர் திரும்பும் எண்ணம் அவர் நெஞ்சில் அகலாதிருந்தமை ஒரு காரணம். பிறநாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்பவர் இந்தியக் குடியுரிமையை இழப்பர் என்னும் இந்திய அரசியலமைப்பின் விதி மற்றொன்று. சிவப்பு அடையாள அட்டையுடன் எஞ்சிய இவர்கள், 1968-இன் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் வேலை இசைவு பெற வேண்டியவராயினர். 1969-ஐ அடுத்து ஏறத்தாழ 60,000 இந்தியர் மலேசியாவை நீங்கினர் என மதிப்பிடுவர். நீங்காது தங்கியோருள் 60 அகவை கடந்தும் சிவப்பு அட்டையே கொண்டிருந்த 3,407 பேர்க்குக் குடியுரிமை வழங்கப்படும் என 2018-இல் மலேசிய அரசு அறிவித்தது. வாழ்நாள் முழுதும் உழைத்த மண்ணில் முதுமைக்கண் குடியாதல் எத்துணைக் காலத் தாழ்ப்பு!

4. இரு சீட்டும் கூடிய உடன்படிக்கை

1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ, சாஸ்திரி ஆகியோர் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இருநாடுகளும் செம்பாதியாகப் பிரித்துக்கொண்டன. இவ்வுடன்படிக்கையில் பலர் நோக்காது விட்ட கூறு ஒன்று உண்டு. திரும்புவோர் தம் சேமநிதி, பணிக்கொடை உள்ளிட்ட உடைமைகளைக் கொண்டுசெல்லலாம் என்றும், ஒரு குடும்பம் கொண்டுசெல்லும் தொகைக்கு விதிக்கப்படும் உச்ச எல்லை 4,000 ரூபாய்க்குக் குறைதல் ஆகாது என்றும் அது கூறிற்று. ஆளைப் பற்றிய விதியும் பணத்தைப் பற்றிய விதியும் ஓர் ஏட்டில் இணைந்தமை இதன் சிறப்பு. ஆனால் இப்பெயர்ச்சியில் மீண்டு செல்லும் வழி இல்லை. மலையகத்திற் பிறந்து வளர்ந்த மக்கள் அங்கும், கடவுச்சீட்டுப் பெற்ற முதியோர் இங்குமாகப் பிரிந்த குடும்பங்கள் உண்டு. 1984-இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றது.

5. சொற்கள் கூறும் வரலாறு

இப்பிரிவு மொழியிலும் தடம் பதித்துள்ளது. அயலார் நுழைவைக் கண்காணிக்கும் துறை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ‘குடிநுழைவு’ எனப்படும். இலங்கையில் அதுவே ‘குடிவரவு குடியகல்வு’. முதுமைக்கென ஊதியத்திற் பிடிக்கும் தொகை, 1951-இல் தொடங்கிய மலாயாவில் ‘சேமநிதி’; இலங்கையில் ‘சேமலாப நிதி’; தமிழகத்தில் ‘வருங்கால வைப்பு நிதி’. ஓர் இனத்தார் முதுமைக்கு ஈட்டும் பொருள் மூன்று அரசின்கீழ் மூன்று பெயர் பெற்றது. ஒரு நாட்டுச் சேமிப்பு மற்றொரு நாட்டில் எளிதிற் செல்லாமைக்கு இப்பெயர் வேறுபாட்டையே குறியாகக் கொள்ளலாம்.

6. இற்றைநாள் நிலை

பணச்சீட்டின் கட்டு இன்று பெரிதும் தளர்ந்துள்ளது. 1970-இல் அயல்நாட்டு வாழ் இந்தியர்க்கெனத் தனி ரூபாய்க் கணக்குத் தோன்றியது. 1999-இல் இயற்றப்பட்ட செலாவணி மேலாண்மைச் சட்டம் குற்றநோக்கை விடுத்து ஒழுங்குநோக்கை மேற்கொண்டது. அயல்நாடு சென்று வாழ்பவர் தம் பழைய உள்நாட்டுக் கணக்கை அயல்வாழ்வோர் கணக்காக மாற்றல் வேண்டும். அதிலிருந்து, வரி செலுத்தியபின், நிதியாண்டொன்றில் பத்து இலட்சம் டாலர் வரை வெளியே கொண்டுசெல்லலாம். 2005-இல் வந்த கடல்கடந்த இந்தியக் குடிமகன் அட்டை, தாயகம் வந்து தங்க வாழ்நாள் இசைவு தருகின்றது. எனினும் அவ்வட்டையுடையார் மரபுரிமையாக வேளாண் நிலம் பெறலாமேயன்றி விலைக்கு வாங்கலாகாது. வாக்குரிமையும் அவர்க்கு இல்லை.

ஆயின் நாள் எண்ணும் வழக்கம் ஒழியவில்லை. இன்று சேலத்தார் அமெரிக்காவிலும் கனடாவிலும் மக்களொடு முதுமையைக் கழிக்கச் செல்கின்றனர். அமெரிக்க நிலைவதிவு பெற்றவர் ஓராண்டிற்கு மேல் ஊரில் தங்கக் கருதின் முன்னரே மறுநுழைவு இசைவு பெறல் வேண்டும். ஊருக்கு வந்து தங்கும் இந்தியக் குடிமகன் 182 நாளை எட்டின் இந்திய வருமான வரிக்கு உள்நாட்டு வாசியாவான். இந்திய வருவாய் 15 இலட்சத்தை மிகுமாயின் 120 நாளே அவ்வெல்லையாதலும் உண்டு. ஒரு நாடு நீ இங்கு இல்லை என்றும், மற்றொரு நாடு நீ இங்கு மிகுதியும் இருந்தாய் என்றும் கணக்கிடுகின்றன. இடையில் நிற்கும் முதியவர் பேரன் திருமணத்தையும் தம் உடன்பிறந்தாள் நோயையும் நாட்காட்டியுடன் ஒப்பிட்டே பயணம் வகுக்கின்றார்.

முடிவுரை

தொல்காப்பியர் கூறிய ஓராண்டும் இலங்கைச் சட்டத்தின் பன்னிரு திங்களும் அமெரிக்க விதியின் ஓராண்டும் அளவால் ஒன்று, நோக்கால் மறுதலை. முன்னையது பிரிந்தவனை இல்லம் நோக்கி அழைத்தது. பின்னையவை இல்லத்தில் நெடிது தங்கியவனை ஒறுத்தன. இவ்வேறுபாடே கடல் கடந்த தமிழர் முதுமையின் வரலாறு என யாம் துணிகின்றோம்.

இவ்வரலாற்றிற்குரிய சான்றுகள் ஆவணக் காப்பகங்களில் மட்டும் இல்லை. மணியார்டர் அடிச்சீட்டு, மறுநுழைவு இசைவு, சிவப்பு அட்டை, சேமநிதிக் கணக்குத்தாள் முதலியன சேலம், நாமக்கல் ஊர்களில் டிரங்குப் பெட்டிகளுள் கிடத்தல் கூடும். அவற்றிற்குரியோர் மறைந்தபின் அவை குப்பையெனக் கழிக்கப்படும். ஓலைச்சுவடி தேடி ஊர்தோறும் நடந்த மரபினர் நாம். இத்தாள்களையும் அவ்வாறே தேடித் தொகுத்தல் தமிழ்த்துறை மாணவர் கடன்.