சேர்வராயன் மலையும் நாட்டுத் துப்பாக்கியும்



துப்பாக்கி வன்முறை என்றதும் அமெரிக்கப் பள்ளிக்கூடங்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலைக்கும் இது புதிய செய்தியன்று. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்குமாறு சேலம் மாவட்ட மலைக்கிராமங்களில் காவல்துறை அவ்வப்போது அறிவிக்கிறது. தாமாக முன்வந்து கொடுப்போர் மீது வழக்கில்லை என்றும் உறுதி கூறுகிறது. சிலர் கொடுக்கிறார்கள், சிலர் மறைக்கிறார்கள். மறைப்பதற்கான காரணத்தை அறிய வரலாற்றைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

1792இல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின் மூலம் சேலம் பகுதி ஆங்கிலக் கம்பெனியின் வசமாயிற்று. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காபிப் பயிரை அறிமுகப்படுத்தினார். பின்னர் ஐரோப்பியரின் தோட்டங்கள் பெருகின. 1857 எழுச்சியைக் கண்டு அஞ்சிய ஆட்சி, வைஸ்ராய் லிட்டன் காலத்தில் 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இந்தியருக்கு உரிமம் கட்டாயமாயிற்று. ஐரோப்பியருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. தோட்டத் துரையின் துப்பாக்கி கௌரவச் சின்னமாக, இம்மலையின் மலையாளிப் பழங்குடியினர் உரிமமின்றி வைத்திருந்த துப்பாக்கி குற்றப் பொருளாயிற்று. குடகு மக்களுக்கு ஆங்கிலேயர் அளித்த விலக்கோ இன்றும் நீடிக்கிறது. 2019இல் மத்திய அரசு அதனை 2029 வரை நீட்டித்துள்ளது.

விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டம், பயிர்க் காவலுக்காகக் குழல்வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர வழிசெய்தது. எனினும் விண்ணப்பம், விசாரணை, அலுவலகம் என நீளும் அந்த வழி ஏழை மலைவாசிக்கு எளிதன்று. 2019ஆம் ஆண்டுத் திருத்தமோ உரிமமற்ற துப்பாக்கிக்கான குறைந்தபட்சத் தண்டனையை ஓராண்டிலிருந்து ஈராண்டாக உயர்த்திற்று.

இத்துப்பாக்கியின் ஆபத்தையும் நாம் குறைத்து மதிப்பிடலாகாது. கருமருந்தையும் சிறு குண்டுகளையும் குழல்வாய் வழியே கெட்டித்துவிட்டால், சுடாமல் வெளியே எடுப்பது கடினம். ஆகவே அது நிரப்பிய நிலையிலேயே வீட்டு மூலையில் சாத்தி வைக்கப்படுகிறது; குழந்தைகளின் கைக்கும் எட்டுகிறது. சுட்டால் குண்டுகள் சிதறிப் பாயும். இருளில் புதர் அசைந்தால் அது பன்றியா, பக்கத்துக் காட்டுக்காரரா என்று தெரிவதில்லை. நாட்டுக் குழல் வெடித்துச் சுடுபவரையே சிதைப்பதும் உண்டு.

இங்குதான் கருத்து மோதல் எழுகிறது. எல்லாவற்றையும் பறிமுதல் செய்ய வேண்டும் என்பது ஒரு சாரார் கூற்று. ஓராண்டு உழைப்பைக் காட்டுப்பன்றி ஓரிரவில் அழிக்கும்போது வெறுங்கையுடன் நிற்க முடியுமா என்பது மற்றவர் கேள்வி. 2025இல் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் புகும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்றது. காட்டை ஒட்டியே வாழும் மலைவாசிக்கு அதனால் என்ன பயன்?

நபி (ஸல்) அவர்கள் அம்புகளைத் தடை செய்யவில்லை. அவற்றுடன் பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ நடப்பவர், எவருக்கும் காயம் ஏற்படாதபடி முனைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் எனப் பணித்தார்கள். உடன்பிறந்தவரை நோக்கி ஆயுதத்தை நீட்டுவதைக்கூட வன்மையாகக் கண்டித்தார்கள். தவறுதலாக நிகழும் கொலைக்கும் திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் பரிகாரத்தையும், இறந்தவர் குடும்பத்துக்கு உரிய ஈட்டுத்தொகையையும் விதிக்கிறது. ஆகவே, "பன்றி என்று நினைத்துச் சுட்டேன்" என்று கூறிவிட்டு எவரும் பொறுப்பிலிருந்து நழுவிவிட முடியாது.

2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரு பள்ளிவாசல்களில் ஜும்ஆவுக்குக் கூடியிருந்த 51 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை. ஒரு மாதத்திற்குள் அந்நாட்டு நாடாளுமன்றம், ஒரேயோர் உறுப்பினரின் எதிர்ப்பு நீங்கலாக, இராணுவப் பாணித் துப்பாக்கிகளைத் தடை செய்தது. அரசு அவற்றை விலை கொடுத்துத் திரும்பப் பெற்றது. அதே வேளையில், உழவர் பூச்சி, பிராணித் தொல்லைக்குப் பயன்படுத்தும் எளிய துப்பாக்கிகளை அனுமதித்தது. கொடிய ஆயுதத்தையும் அன்றாடத் தேவையையும் அது பிரித்துப் பார்த்தது.

இம்மலைக்கும் அத்தகைய நிதானம் வேண்டும். வழக்கின் அச்சமின்றி ஒப்படைக்க வாய்ப்பு, ஒப்படைத்தவரின் பயிருக்கு வேலியும் தாமதமில்லா இழப்பீடும், உண்மையான தேவை உள்ளோர்க்கு எளிய உரிமமும் பயிற்சியும் ஆகிய மூன்றும் சேர்ந்தே வர வேண்டும். துப்பாக்கியை மட்டும் வாங்கிக்கொண்டு பன்றியை விட்டுச் சென்றால், அடுத்த விதைப்புக்குள் இன்னொரு குழல் இரகசியமாகச் செய்யப்படும்.

நம் பங்கும் இதில் உண்டு. மலைக்கிராமங்களில் பழகும் வியாபாரிகளும் தோட்டத் தொழிலாளர்களும் நம்மிடையே உள்ளனர். ஒப்படைக்க அஞ்சும் அண்டை வீட்டாருக்குத் துணையாகக் காவல் நிலையம் வரை நடப்பது, ஓர் உயிரைக் காக்கும் நற்செயலாக அமையக்கூடும். அல்லாஹ் நம் கரங்களால் எவருக்கும் தீங்கு நேராமல் காப்பானாக. ஆமீன்.