சம்பளத்தில் பிடிக்கும் தொழில் வரி: கோம்பையை முன்வைத்து ஒரு வரலாற்று மறுவாசிப்பு

கோம்பைப் பேரூராட்சி எல்லைக்குள் வேலை பார்க்கும் பள்ளி ஆசிரியர், வங்கி ஊழியர் ஆகியோரின் சம்பளத்தில் அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி பிடிக்கப்படுகிறது. அவர்கள் குடியிருப்பது உத்தமபாளையமாகவோ கம்பமாகவோ இருக்கலாம். வேலை பார்க்கும் ஊர் கோம்பை என்றால் பணம் கோம்பைப் பேரூராட்சிக்கே சேரும். அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய் வரை வரி கிடையாது. அதற்கு மேல் படிப்படியாக ஏறி, 75,000 ரூபாயைத் தாண்டும்போது உச்ச வீதத்தை எட்டும். சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் பிடிக்க அரசமைப்பு இடம் தராது. மாநிலங்கள் பொதுவான வருமான வரி விதிக்க முடியாத நம் நாட்டில், சம்பளத்தின் மீதான மாநில வரி என்று சொல்லத்தக்கது இது ஒன்றே.

இதன் வேரை இடைக்காலக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் தேடுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பார்வைக்குப் பெரும் வலுச் சேர்த்தது டி. வி. மகாலிங்கத்தின் வகைப்பாடு. விசயநகர ஆட்சி பற்றி 1940இல் வெளிவந்த தம் நூலில், நிலவரி, சொத்துவரி, வணிகவரி ஆகியவற்றோடு தொழில்கள் மீதான வரியையும் தனி இனமாக அவர் நிறுத்தினார். சிதறிக் கிடந்த நூற்றுக்கணக்கான வரிப்பெயர்களை ஒழுங்குபடுத்திய அந்த உழைப்புக்கு நாம் அனைவரும் கடன்பட்டவர்கள். ஆனால் அந்த இனம் அக்காலச் சென்னை மாகாண நகராட்சிச் சட்டத்தின் சாயலில் அமைந்தது என்பதே என் கருத்து. அதைப் படிப்பவர், கைவினைஞர் செலுத்திய இறையும் எழுத்தர் சம்பளத்தில் பிடித்த வரியும் ஒரே கொடியில் காய்த்தவை என்று எண்ணிவிடுகிறார். வரி எதன் மீது விழுந்தது என்று கேட்டால் இந்த ஒற்றுமை நிலைக்காது. தறியிறை தறியின் மீது விழுந்தது. செக்கிறை செக்கின் மீது. நெய்தவர் அந்த ஆண்டு எவ்வளவு ஈட்டினார் என்பதை அளந்து விதித்த வரிகள் அல்ல அவை. இடையில் நின்று பிடித்துச் செலுத்தும் முதலாளியும் அங்கே இல்லை.

இந்த வாதத்துக்கு எதிராக ஒரு சான்றை வைக்க முடியும். இரண்டாம் நந்திவர்ம பல்லவனின் 22ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த காசாக்குடிச் செப்பேடு, பிரமதேயமான ஊருக்கு விலக்களிக்கப்பட்ட வரிகளை அடுக்குகிறது. செக்கும் தறியும் வரும் அதே வரிசையில் உல்லியக்கூலியும் வருகிறது. பதிப்பித்த ஹூல்ட்ஷ் அதைக் கிணறு தோண்டுவோரின் கூலி என்று கொண்டார். கூலியின் மீது அரசு கைவைத்ததற்கான சான்றாக இதைக் கொள்ளலாமா? கொள்ளலாகாது என்பதே என் நிலை. சூழலைப் பாருங்கள்: அதே வரிசையில் உள்ள குசக்காணம் குயவர் தருவது, உல்லியக்கூலியோ உல்லியருக்குத் தருவதற்காக ஊரார் மீது விழுந்த சுமையாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. நீர்நிலை வேலைக்கு ஆள் வைப்பதும் அந்தச் செலவை ஊரிடம் தண்டுவதும் இயல்பாகப் பொருந்துகின்றன. கூலிக்காரரின் வருவாயில் ஒரு பங்கைப் பெறும் ஏற்பாடாக இருந்திருந்தால், குசக்காணத்தைப் போல இதுவும் காணம் என்று முடிந்திருக்க வேண்டும். ஒரே ஒரு செப்பேட்டின் ஒரே ஒரு சொல்லை வைத்து இதற்கு மேல் அழுத்த முடியாதுதான். ஆயினும் அதே ஒரு சொல்லைக் கொண்டு ஆயிரத்து இருநூறு ஆண்டுத் தொடர்ச்சியைக் கட்டுவது இதைவிடத் துணிச்சலான வேலை.

சம்பளப் பிடித்தம் வேறு வழியாக வந்தது. 1886ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், அரசு தரும் சம்பளத்தில் வரியைக் கொடுக்கும்போதே கழித்துக்கொள்ள வகை செய்தது. ஆண்டுக்கு 500 ரூபாய்க்குக் கீழ் விலக்கு. 500 முதல் 2,000 வரை ரூபாய்க்கு நான்கு பை. அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கான பழைய நாணயம் அது. இன்னொரு கால்வாய் உள்ளாட்சிச் சட்டம். 1920ஆம் ஆண்டு சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் தொழில் செய்வோரை மட்டும் குறிக்கவில்லை. பொதுத்துறையிலோ தனியாரிடமோ பதவி வகிப்பவரையும் சேர்த்தது. ஓர் அரையாண்டில் மொத்தம் அறுபது நாளுக்குக் குறையாமல் ஊர் எல்லைக்குள் அப்பணியில் இருந்தால் வரி. இன்றைய அரையாண்டுக் கணக்கின் தாய் இந்த விதியே. மலைக்கு அப்பால் கேரள உள்ளாட்சிச் சட்டத்திலும் அறுபது நாள் விதி உண்டு. கோம்பையிலிருந்து ஜீப்பில் அங்குள்ள ஏலத்தோட்டத்துக்குப் போய்வரும் தொழிலாளரைப் பொறுத்தவரை, வரிக்கு உரிய ஊர் எது என்ற கேள்விக்கு விடை அவர் வீட்டில் இல்லை, தோட்டத்தில் இருக்கிறது.

இவ்வரி வருமான வரியின் உறவினர் என்பதை ஆட்சியாளர் அறிந்தே இருந்தனர். ஐக்கிய மாகாணம் 1939இல் சம்பளக்காரர் மீது வேலை வரி கொண்டுவர முனைந்தது. உடனே 1940இல் இந்திய அரசுச் சட்டத்தில் 142ஏ பிரிவு நுழைந்து ஆண்டு உச்சத்தை 50 ரூபாயாகக் கட்டியது. மகாலிங்கத்தின் நூல் வெளிவந்ததும் அதே ஆண்டுதான். அந்த 50 ரூபாய், அரசமைப்பின் 276ஆம் உறுப்பில் 250 ஆனது. 1988இல் 60ஆம் திருத்தத்தால் 2,500 ஆனது. வருமானத்தின் மீதான வரி என்ற காரணத்தால் இத்தகைய சட்டம் செல்லாது ஆகாது என்று அந்த உறுப்பே முன்கூட்டிப் பதில் சொல்லி வைத்திருக்கிறது.

உள்ளாட்சி வரிக்குப் பிடித்தம் எப்போது கட்டாயமாயிற்று என்பதற்கு ஒற்றைத் தேதி வைக்க இயலவில்லை. அலுவலக வழக்கம் முன்னே நடக்க, விதி பின்னே வந்திருக்கக்கூடும். 1992ஆம் ஆண்டு தமிழ்நாட்டுத் தொழில் வரிச் சட்டத்தை ஓர் எல்லைக்கல்லாகக் கொள்ளலாம்; 1998 அக்டோபர் முதல் அதற்குப் பதிலாக உள்ளாட்சிச் சட்டங்களே இவ்வரியை ஏற்றன. முடிவாக ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: பொருளின் மீது விழுந்த இடைக்கால இறைக்கும், ஈட்டலை அளந்து பிடிக்கும் இன்றைய வரிக்கும் இடையே இருப்பது வளர்ச்சி அன்று, முறிவு. அந்த முறிவை ஏற்றால்தான், 1988க்குப் பிறகு விலைவாசியும் சம்பளமும் பல மடங்கு ஏறியும் உச்சம் மட்டும் ஏன் அசையவில்லை என்ற கேள்வியை உரிய இடத்தில் வைக்க முடியும். அதற்கான விடை பல்லவர் செப்பேட்டில் கிடைக்காது; வருமானத்தின் மீதான உரிமையை மாநிலத்துக்கும் ஊருக்கும் விட்டுத்தர மத்திய அரசு 1940 முதல் காட்டிவரும் தயக்கத்தில் அதைத் தேட வேண்டும்.