ஆளுநர்களின் பெயரில் ஓடிய நீராவி எஞ்சின்கள்

கல்முனையில் புகையிரத நிலையம் இல்லை. கொழும்புக்குக் கோச்சியில் போகவேண்டுமானால் முதலில் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் பஸ்ஸில் மட்டக்களப்புக்குப் போகவேண்டும். தண்டவாளம் அங்கேயே முடிந்துவிடுகிறது. அந்தப் பாதை போடப்பட்ட காலத்தில் இலங்கைக்கு வந்த எஞ்சின்களைப் பற்றித் தமிழில் நான் வாசித்தது மிகக் குறைவு.

இலங்கையின் முதல் புகையிரதம் 1864 டிசெம்பர் 27இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு ஓடியது. பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம். பிரித்தானியாவிலோ 4 அடி 8½ அங்குலம்தான். ஆகவே அங்கு ஓடிய எஞ்சினை அப்படியே கப்பலில் ஏற்றி அனுப்ப முடியாது, நமது பாதைக்கென்றே கட்டவேண்டியிருந்தது.

அப்படிக் கட்டப்பட்டவற்றில் ஒன்றுதான் பி1 வகுப்பு. இதன் சக்கர அமைப்பை 4-6-0 என்பார்கள். முன்னால் உள்ள 4 சிறு சக்கரங்கள் வளைவுகளில் எஞ்சினுக்கு வழிகாட்டும். நடுவில் உள்ள 6 பெரிய சக்கரங்கள் இழுக்கும். பின்னால் சக்கரம் இல்லை. பாரம் 3 அச்சுகளில் பகிரப்படுவதால் சக்கரம் வழுக்காமல் நீண்ட வண்டியை இழுக்கலாம். பிரித்தானியாவில் கிரேட் வெஸ்டேர்ன் கம்பனி 1907 முதல் கட்டிய ஸ்டார் வகுப்பு கடுகதி எஞ்சின்களும் இதே அமைப்புத்தான். இலங்கை மண்ணில் நிலக்கரி கிடையாது. அதுவும் கப்பலில்தான் வந்தது.

எஞ்சின்களுக்கு ஆளுநர்களின் பெயர்களை வைத்தார்கள். 340ஆம் இலக்கம், முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெட்ரிக் நோர்த். 1920களில் கட்டப்பட்ட 251ஆம் இலக்கம், சேர் தோமஸ் மெயிற்லண்ட். இந்த மெயிற்லண்ட் நமக்கு அந்நியரல்லர். 1806இல் முஸ்லிம்களின் சட்டக் கோவையும் யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமையும் எழுத்துச் சட்டமானது அவரது ஆட்சியில்தான். எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டவர்களின் பெயர்கள்தான் எங்கும் எழுதப்படவில்லை.

மட்டக்களப்புப் பாதை 1928இல் திறக்கப்பட்டது. அது பிரியும் கல்ஓயாச் சந்தி ஹபரணைக்கு அப்பால் இருக்கிறது. நமது அம்பாறைக் கல்ஓயா வேறு.

1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவிலிருந்து டீசல் எஞ்சின்கள் வந்தன. புகையிரதத் திணைக்களத்தின் பி. டி. ரம்பாலா அந்த மாற்றத்தை முன்னின்று நடத்தினார். ஆளுநர்கள் போய், ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று கனடிய மாகாணங்கள் எஞ்சின்களில் ஏறின. யாழ்தேவி, உதயதேவி என்று வண்டிகளுக்காவது நமது காதுக்குப் பழகிய பெயர்கள் கிடைத்தன.

பிறகு யுத்தம். வவுனியாவுக்கு வடக்கே தண்டவாளங்கள் கழற்றப்பட்டன, சிலிப்பர் கட்டைகள் பங்கர்களுக்குப் போயின. மட்டக்களப்புச் சேவையும் அடிக்கடி நின்றது. அந்த ஆண்டுகளிலும் மெயிற்லண்ட் அழியவில்லை. வைஸ்ராய் ஸ்பெஷல் என்ற பெயரில் உல்லாசப் பயணிகளை ஏற்றிச்செல்ல அதைப் பளபளப்பாக்கி வைத்திருந்தார்கள்.

யாழ்தேவி 2014 ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது. அது இருந்ததை மீட்டது. கல்முனைக்கு மீட்க ஒன்றும் இல்லை. பொத்துவில் வரை பாதையை நீட்டுவது பற்றிய பேச்சு மட்டும் தேர்தலுக்குத் தேர்தல் வருகிறது. வாவிக்கும் வயலுக்கும் கடலுக்கும் இடையே வீடுகள் நெருங்கிய இந்த ஒடுங்கிய நிலத்தில் யாருடைய வளவால் தண்டவாளம் போகும் என்பதை மேடைகளில் யாரும் சொல்வதில்லை. சுனாமிக்குப் பிறகு இங்கே காணி என்பது இன்னும் கடினமான விடயம். கல்முனைச் சந்தைக்குக் கொழும்புச் சாமான் இன்றைக்கும் லொறியில்தான் வருகிறது.