ஷெஃபீல்டுக் கத்தியின் முத்திரை

சமையலறைக்கு வேண்டிய சாமான்களுள் கத்தியைப் போல வாங்குகிறவனை எளிதில் ஏமாற்றக்கூடியது வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை. அரிசியைப் பல்லில் கடித்துப் பார்க்கலாம். பானையைத் தட்டிப் பார்க்கலாம். கத்தியின் குணமோ, அதன் எஃகில் எவ்வளவு கரி கலந்திருக்கிறது, அதை எந்தச் சூட்டில் காய்ச்சி எப்படித் தோய்த்தார்கள் என்னும் இரண்டு மறைந்த விஷயங்களைப் பொறுத்ததாகையால், கடைக்காரர் எடுத்துக் காட்டும் பளபளப்பிலிருந்து அதைப் பற்றி ஒன்றும் அறிய முடிவதில்லை. வாங்கிய அன்று எந்தக் கத்தியும் வெட்டும். ஆறு மாதம் கழித்தும் வெட்டுகிறதா என்பது தெரியவரும்போது பணம் கைமாறி வெகுநாள் ஆகியிருக்கும். ஆகவே ஜனங்கள் அலகின்மீது பொறித்திருக்கும் பெயரை நம்பியே கத்தி வாங்கி வந்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கை எவ்வாறு உண்டாயிற்று, அதைக் காத்தவர் யார், களவாடினவர் யார் என்பதை அறிய விரும்புகிறவர்களுக்கு இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள ஷெஃபீல்டு நகரத்தின் சரித்திரம் நல்ல பாடமாகும்.

டான், ஷீஃப், போர்ட்டர், லாக்ஸ்லி, ரிவலின் என்ற ஆறுகள் மலைச்சரிவுகளிலிருந்து வேகமாக இறங்கி அந்நகரின் அருகே கூடுகின்றன. அவற்றின் வேகம் நீர்ச்சக்கரங்களைச் சுழற்றிற்று. சக்கரங்கள் சாணைக்கற்களைச் சுழற்றின. அந்தக் கற்களுக்கேற்ற மணற்பாறையும், உலைக்கு வேண்டிய விறகும் நிலக்கரியும் சுற்றுப்புறத்திலேயே கிடைத்தன. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவி சாஸர் தம் கதையொன்றில் வரும் மாவுமில்காரனின் காலுறையில் ஷெஃபீல்டுக் கத்தியொன்றைச் செருகி வைத்திருப்பதிலிருந்து, அவ்வூரின் கீர்த்தி அப்போதே நாடறிந்ததாயிருந்தது என்று கொள்ளலாம்.

கீர்த்தி பெருகினால் அதைக் காசாக்க முயல்கிறவர்களும் பெருகுவது இயல்பு. 1624-இல் பார்லிமெண்டு இயற்றிய சட்டத்தின்படி ஷெஃபீல்டும் அதன் சுற்றுப்புறமும் அடங்கிய ஹாலம்ஷயர் பகுதிக்கென ‘ஹாலம்ஷயர் கத்திக்காரர் சங்கம்’ என்ற ஸ்தாபனம் ஏற்பட்டது. தொழில் பழகுகிறவன் ஏழு ஆண்டுகள் குருவிடம் இருக்க வேண்டும். வெட்டும் விளிம்பு எஃகினாலேயே ஆகியிருக்க வேண்டும். ஒவ்வொரு கைவினைஞனும் சங்கத்தில் பதிவு செய்துகொண்ட தன் முத்திரையை மட்டுமே அலகில் பொறிக்க வேண்டும் என்று விதிகள் வகுக்கப்பட்டன. ஒருவர் காய்ச்சி அடிக்க, மற்றொருவர் சாணை பிடிக்க, வேறொருவர் பிடி பொருத்த, சிறுசிறு பட்டறைகளில் பலர் கைமாறி உருவாகும் கத்திக்கு யாராவது ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டுமென்பதே இவ்விதிகளின் உட்கருத்து.

எனினும் பொறுப்பேற்கிறவனுக்கும் தன் கையிலிருந்த எஃகின் குணம் முழுவதும் தெரியாது. அக்காலத்தில் ஸ்வீடன் தேசத்து இரும்புப் பாளங்களைக் கரித்தூளோடு அடுக்கிக் கற்பெட்டிகளில் பல நாட்கள் காய்ச்சினார்கள். கரி மேற்புறத்தில் மிகுதியாகவும் உட்புறத்தில் குறைவாகவும் ஏறியபடியால், ஒரே பாளத்தில் ஓரிடம் கடினமாகவும் ஓரிடம் மிருதுவாகவும் இருக்கும். டான்காஸ்டரில் கடிகாரம் செய்துவந்த பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன், தம் கடிகாரச் சுருள்வில்லுக்கு இவ்வெஃகு உதவாதது கண்டு, 1740-களில் ஷெஃபீல்டின் அருகே குடியேறி, அதை மண் மூசைகளிலிட்டுக் கல்கரி நெருப்பில் முற்றிலும் உருக்கி வார்க்கும் முறையைக் கண்டறிந்தார். உருகிய எஃகில் கரி ஒரே சீராகப் பரவி நின்றது. உள்ளூர்க் கத்திக்காரர்களோ, இது அடிப்பதற்கு மிகக் கடினமாக இருக்கிறதென்று ஒதுக்கிவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர் அதை வாங்கிச் செய்த கத்திகள் சந்தையில் தங்களுடையதைத் தோற்கடித்த பிறகே அவர்களுக்கு ஞானோதயம் உண்டாயிற்று என்று பழைய சரித்திரக்காரர் எழுதுகிறார்கள்.

மூசையில் எஃகு செய்யும் வித்தை ஐரோப்பாவுக்குப் புதிதேயன்றி உலகத்துக்குப் புதிதன்று. தென்னிந்தியக் கொல்லர் இரும்பையும் விறகையும் இலைகளையும் சிறு மூசைகளில் மூடி எஃகாக்குவதை அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். இவ்வெஃகின் மாதிரியைப் பம்பாயிலிருந்து பெற்ற லண்டன் அறிஞர்களுள் ஜார்ஜ் பியர்ஸன் 1795-இல் அதைப் பற்றி ராயல் சொசைட்டியில் கட்டுரை வெளியிட்டார். விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்திக்காரரோடு சேர்ந்து 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதன் ரகசியத்தைத் தேடியே எஃகோடு பல உலோகங்களைக் கலந்து சோதித்தார். சென்னை அரசாங்க உத்தியோகத்திலிருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர், பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவி, அங்கிருந்து இரும்பை ஷெஃபீல்டுக்கே அனுப்பினார். பின்னர் எஃகை உருக்கும்போது மாங்கனீசு சேர்த்தால் அது நன்கு அடிபடும் என்று கண்டு 1839-இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டுக்காரர்கள் அம்முறையைக் கைக்கொண்டு ஏராளமாக லாபமடைந்தார்கள். ஹீத்துக்கு மிஞ்சியது நெடிய வழக்கு ஒன்றுதான்; 1855-இல் இறுதித் தீர்ப்பு அவருக்குப் பாதகமாக வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

முத்திரையின் விலையைத் தங்கள் நுரையீரலால் செலுத்தியவர்கள் சாணைக்காரர்கள். அலகின் கூர் அவர்கள் கையில் இருந்தது. சுழலும் கல்லின்மேல் குனிந்தபடி பகல் முழுவதும் உட்கார்ந்திருக்கும் அவர்கள், கல்லின் தூளையும் எஃகின் தூளையும் ஒருங்கே சுவாசித்தார்கள். நீர் விடாமல் சாணை பிடிக்கிறவர்களின் சராசரி ஆயுள் முப்பத்தைந்து ஆண்டுகளை எட்டுவது அரிதென்றும், நீர்விட்டுச் சாணை பிடிக்கிறவர்களுடையது நாற்பத்தைந்தைக் கடப்பது அரிதென்றும் அந்நகர மருத்துவர் நைட் கூறியதை ஜெர்மன் எழுத்தாளர் ஏங்கெல்ஸ் 1845-இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்துக் காட்டுகிறார். உலகத்து மேசைகளையெல்லாம் அலங்கரித்த அக்கத்திகளின் விலையில் இச்செலவு எக்காலத்தும் சேர்க்கப்படவில்லை.

இவ்வளவு விலை கொடுத்துச் சம்பாதித்த பெயரைத் திருடுவதோ மிகவும் சுலபமாயிருந்தது. அச்சில் வார்த்த மட்டமான இரும்பை மெருகேற்றிச் சம்மட்டியால் அடித்த எஃகென்று விற்கிறவர்கள் ஷெஃபீல்டிலேயே இருந்தார்கள். இதைத் தடுக்க, அடித்துச் செய்த அலகுகளில் மட்டுமே சம்மட்டி உருவத்தைப் பொறிக்கலாமென்று 1819-இல் சட்டம் செய்ய நேர்ந்தது. ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியின் நட்சத்திரமும் சிலுவையும் கொண்ட முத்திரை இந்தியக் கடைகளிலும் பிரசித்தி பெற்றிருந்தமையால், அதனைப் போலிசெய்கிறவர்களும் அதிகமானார்கள். ஜெர்மனியிலிருந்து வரும் மலிவுக் கத்திகளில் ‘ஷெஃபீல்டு’ என்று பொறித்து விற்கிறார்களென்ற கூக்குரலின் பயனாக 1887-இல் வணிக முத்திரைச் சட்டம் வந்தது. ஆயினும் ஜெர்மானியரின் ஸோலிங்கன் நகரமும் நூற்றாண்டுகளாக நல்ல கத்தி செய்துவந்த ஊரே. பிற்காலத்தில், 1938-இல், அந்நகரமும் தன் பெயரைக் காக்கச் சட்டத்தின் துணையை நாடிற்று.

இப்படி முத்திரைக்காகப் போராடிக்கொண்டிருந்த நகரத்தில், கத்தியின் இயல்பையே மாற்றிய காரியம் 1913 ஆகஸ்டு 13-ஆம் தேதி நிகழ்ந்தது. துப்பாக்கிக் குழல்கள் விரைவில் அரிக்கப்படுவதைத் தடுக்க வழி தேடிய ஹாரி பிரேயர்லி என்ற ஆராய்ச்சியாளர், நூற்றுக்கு 12.8 பங்கு குரோமியமும் 0.24 பங்கு கரியும் கலந்த எஃகை வார்த்து, அது அமிலங்களுக்கு எளிதில் மசியாதிருப்பதைக் கவனித்தார். எலுமிச்சம்பழத்தையோ தக்காளியையோ அறுத்தவுடன் கறுத்துப்போகும் கத்திகளை நாள்தோறும் பொடி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த வீட்டு வேலைக்காரர்களின் துன்பம் இதனால் தீருமென்று அவருக்குத் தோன்றியது. அவருடைய மேலதிகாரிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. முதலில் செய்துபார்த்த கத்திக்காரர்களோ, இவ்வெஃகு வெட்டாதென்று சாதித்து, வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவரென்று அவரைப் பரிகசித்தார்கள். மாஸ்லி கம்பெனியின் மேலாளர் எர்னஸ்டு ஸ்டூவர்ட் என்பவர், அதை எந்தச் சூட்டில் அடித்துத் தோய்க்க வேண்டுமென்று பொறுமையோடு சோதித்தறிந்த பின்னரே அது கூரும் ஏற்றது.

பரிகசித்தவர்கள் முற்றிலும் பிழைபட்டவர்களென்று சொல்வதற்கில்லை. குரோமியம் மிகுந்தால் துரு விலகும். கரி மிகுந்தால் கூர் நிலைக்கும். ஒன்றைக் கூட்டும்போது மற்றொன்றின் பயன் ஓரளவு குறைகிறது. இன்று ஜெர்மன் சமையற்கத்திகளில் பெரும்பாலும் காணப்படும் எஃகில் கரி நூற்றுக்கு அரைப்பங்கும் குரோமியம் 15 பங்கும் இருப்பது, இரு பயன்களுக்குமிடையே அக்கத்திக்காரர்கள் செய்துகொண்ட சமாதானமேயாகும். சாதாரணக் கரி எஃகுக் கத்தியோ மெல்லிய கூரை எளிதில் ஏற்கும். கழுவித் துடைத்து உலர வைக்காவிட்டால் மறுநாளே துரு காட்டும். கரண்டிகளில் 18/8 என்று பொறித்திருப்பதைப் பார்த்து, அதே எண்ணைக் கத்தியிலும் தேடுகிறவர்கள் உண்டு. 1924-இல் ஷெஃபீல்டு ஆராய்ச்சியாளர் ஹாட்ஃபீல்டு உருவாக்கிய அவ்வகை எஃகு தோய்த்தால் கடினமாவதில்லை. கரண்டிக்குப் பொருந்துமேயன்றிக் கத்தியின் விளிம்புக்கு உதவாது.

இந்த நெடிய சரித்திரத்திலிருந்து வீட்டுக்குக் கத்தி வாங்குகிறவர் கொள்ளவேண்டிய பாடம் சுருக்கமானது. எக்காலத்தும் துருப்பிடியாமலும் எக்காலத்தும் மழுங்காமலும் இருக்கும் கத்தியென்று யாரேனும் விற்க வந்தால், அவர் எஃகை அறியாதவர் அல்லது நம்மை அறிந்தவர். எந்த எஃகென்றும், எவ்வளவு கடினமென்றும், மழுங்கினால் எந்தக் கல்லில் தீட்டவேண்டுமென்றும் வெளிப்படையாகச் சொல்லித் தன் பெயரையும் அலகில் பொறிக்கத் துணிகிற பட்டறையின் கத்தி ஒன்று, பெயரில்லாத பன்னிரண்டு கத்திகள் கொண்ட பெட்டியைவிடச் சமையலுக்கு உதவும். அதைத் துடைத்து வைக்கவும் தீட்டவும் நாம் ஆயத்தமாக இருக்கிறோமா என்பதை மட்டும் எந்த முத்திரையும் நமக்காக உறுதி சொல்லாது. வாங்குவதற்கு முன்பு நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அதுவே.