எஞ்சின் காற்று வடிகட்டியின் வரலாறு

எஞ்சின் காற்று வடிகட்டி என்பது, உள்ளெரி எஞ்சினுக்குள் செல்லும் காற்றிலிருந்து தூசியையும் மணலையும் பிரித்தெடுக்கும் கருவி ஆகும். இன்று பெரும்பாலான கார்களிலும் லாரிகளிலும் இருப்பது, விசிறிபோல மடிக்கப்பட்ட காகிதத்தாலான மடிப்பு வடிகட்டி. பார்வைக்கு எளிமையான இப்பொருள், உழவு நிலங்களிலும் போர்க்களங்களிலும் எஞ்சின்கள் பழுதாகி நின்ற அனுபவங்களிலிருந்து படிப்படியாக உருவானது.

தேவை

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். அந்தக் காற்றோடு மண்தூசியும் வருகிறது. மண்தூசியில் மிகுதியாக உள்ள குவார்ட்சு, சிலிண்டர் செய்யப் பயன்படும் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. பிஸ்டன் வளையத்திற்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே சில மைக்ரான் தடிமனுள்ள எண்ணெய்ப் படலம் இருக்கிறது. மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதோடு இதை ஒப்பிடலாம். இப்படலத்திற்குள் புகும் நுண்துகள்கள் உப்புத்தாள் போல இருபுறமும் தேய்க்கின்றன. நாளடைவில் அழுத்தம் குறைகிறது, எண்ணெய் எரிகிறது, புகை கக்கி, எஞ்சின் ஆயுள் முடிகிறது. கண்ணுக்குத் தெரியாத தூசியே இங்கு பெரும் பகை.

தொடக்கக் காலம்

தொடக்கக் கால எஞ்சின்கள் பலவற்றில் காற்று வடிகட்டி இல்லை. புழுதியிலேயே நாள் முழுவதும் ஓட வேண்டிய டிராக்டர்கள்தாம் இக்குறையை முதலில் வெளிப்படுத்தின. 1915ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த டிராக்டர் விற்பனையாளரான பிராங்க் டொனால்ட்சன், யூட்டா மாநிலத்தில் அடிக்கடி பழுதான ஒரு டிராக்டரைப் பார்க்கச் சென்றார். தூசியே காரணம் எனக் கண்டு, கம்பிக் கூண்டின் மேல் துணியைப் போர்த்தி, அதைப் புழுதிக்கு மேலே உயர்ந்து நிற்கும் குழாயில் பொருத்தினார். டிராக்டரின் குறையை ஒப்புக்கொண்டது போல் ஆகிவிட்டதால் அவர் வேலையை இழந்தார் என்று அவர் நிறுவிய நிறுவனத்தின் வரலாறு கூறுகிறது. டொனால்ட்சன் என்ற பெயரிலேயே அந்நிறுவனம் இன்றும் வடிகட்டிகளைத் தயாரித்து வருகிறது.

எண்ணெய்க் கிண்ண வடிகட்டி

அடுத்துப் பரவலானது எண்ணெய்க் கிண்ண வடிகட்டி. இதில் காற்று கீழ்நோக்கி வந்து, கிண்ணத்திலுள்ள எண்ணெயின் மேல் சட்டெனத் திரும்பி மேலேறும். கனமான துகள்கள் திரும்ப முடியாமல் எண்ணெயில் விழும். மிஞ்சியவை எண்ணெய் படிந்த கம்பி வலையில் ஒட்டும். எண்ணெயை மாற்றி மீண்டும் பயன்படுத்தலாம் என்பது இதன் சிறப்பு. இந்தியாவில் ஓடும் பல டிராக்டர்களில் இதை இன்றும் காணலாம். ஆனால் எஞ்சின் மெதுவாக ஓடும்போது காற்றின் வேகம் குறைவதால் நுண்துகள்கள் தப்பிச் செல்லும். வண்டி மிகவும் சாய்ந்தால் எண்ணெய் இடம் மாறும்.

இரண்டாம் உலகப் போர்

போரில் இச்சிக்கல் உயிர்ப் பிரச்சினையானது. 1942இல் சோவியத் ஒன்றியம் தனது டி-34 டாங்கி ஒன்றை அமெரிக்காவின் அபர்தீன் சோதனைத் தளத்திற்கு அனுப்பியது. 343 கிலோமீட்டர் ஓடிய நிலையில் அதன் டீசல் எஞ்சின் சீர்செய்ய முடியாதபடி சேதமடைந்தது. மோசமான காற்று வடிகட்டியே காரணம் என்று கண்டறியப்பட்டது. உலகின் சிறந்த டாங்கிகளுள் ஒன்றாகப் பேசப்பட்ட வண்டியின் நிலை இது.

வட ஆப்பிரிக்காவில் போரிட்ட பிரித்தானிய ஸ்பிட்பயர் விமானங்களுக்கு இதற்கு நேர்மாறான சிக்கல். மூக்கின் அடியில் பொருத்தப்பட்ட வோக்ஸ் வடிகட்டி மணலைத் தடுத்தது. ஆனால் அதன் பருமன் விமானத்தின் வேகத்தைக் குறைத்தது. எகிப்தின் அபூகீர் பராமரிப்புத் தளத்தினர் சிறிய வடிகட்டி ஒன்றைத் தாங்களே வடிவமைத்துப் பொருத்தினர். எஞ்சினைக் காக்கவும் வேண்டும், அதன் மூச்சை அடைக்கவும் கூடாது என்ற இரட்டைத் தேவையே இத்துறையின் அடிப்படைக் கேள்வியாக இன்றும் நீடிக்கிறது.

மடிப்பின் கணக்கு

இக்கேள்விக்குக் கிடைத்த விடைதான் மடிப்பு. 1950களில் பிசின் ஊட்டிக் கெட்டியாக்கிய காகிதத்தாலான உலர் வடிகட்டிகள் கார்களில் பரவத் தொடங்கின.

25 செ.மீ. விட்டமும் 20 செ.மீ. உயரமும் உள்ள உருளையை எடுத்துக்கொள்வோம். அதன் பக்கப் பரப்பு சுமார் 1,570 சதுர செ.மீ. அதே இடத்தில் 5 செ.மீ. ஆழமுள்ள 100 மடிப்புகளை வைத்தால், ஒவ்வொரு மடிப்புக்கும் இரு பக்கம் என்பதால், பரப்பு 20,000 சதுர செ.மீ. ஆகிறது. இது ஏறக்குறைய 13 மடங்கு. 10 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு வீச்சு எஞ்சின் நிமிடத்திற்கு 2,000 சுற்று ஓடும்போது சுமார் 10,000 லிட்டர் காற்றை இழுக்கும். மடிப்பில்லாத உருளையில் அக்காற்று வினாடிக்கு 106 செ.மீ. வேகத்தில் காகிதத்தைக் கடக்க வேண்டும். மடிப்பு இருந்தால் 8 செ.மீ. போதும். வேகம் குறைவதால் தடையும் குறைகிறது. தூசி படியும் இடமும் பெருகுகிறது.

உறுதியான வடிவமைப்பு

அப்படியானால் மடிப்புகளை மேலும் மேலும் கூட்டலாமே எனத் தோன்றும். ஆனால் அளவுக்கு மேல் நெருங்கிய மடிப்புகளுக்கிடையே காற்று நுழைய வழியிருக்காது. ஈரத்தாலும் அதிர்வாலும் காகிதம் தளர்ந்தால், மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பரப்பு வீணாகும். இதைத் தடுக்கப் பல உத்திகள் உருவாயின:

- காகிதத்தில் பினாலிக் பிசின் ஊட்டிச் சூட்டில் இறுகச் செய்தல்
- காகிதத்தில் மேடுபள்ளங்கள் பதித்து, மடிப்புகளுக்கிடையே இடைவெளியைக் காத்தல்
- சூடான பசைக் கோடுகளால் மடிப்புகளை நிலைநிறுத்துதல்
- உள்ளும் புறமும் உலோக வலை அமைத்து நசுங்காமல் காத்தல்
- இரு முனைகளையும் பாலியூரித்தேனில் பதித்துக் கசிவை அடைத்தல்

இவற்றுள் கடைசியானது மிக முக்கியம். காகிதம் எவ்வளவு நுண்மையாக இருந்தாலும், விளிம்பில் ஒரு சிறு இடைவெளி இருந்தால் தூசி அவ்வழியே நுழைந்துவிடும். கனரக வண்டிகளில் முதன்மை வடிகட்டிக்குள் பாதுகாப்பு வடிகட்டி ஒன்றும் வைக்கப்படுவது இதனால்தான்.

1969இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட கே அண்டு என் நிறுவனம், எண்ணெய் தடவிய பருத்தித் துணியை மடித்து, கழுவிப் பயன்படுத்தும் வடிகட்டியைப் பரப்பியது.

பாலைவனச் சோதனை

1991 வளைகுடாப் போரில் அமெரிக்காவின் ஆபிராம்ஸ் டாங்கிகள் மடிப்பு வடிகட்டிகளுடனேயே களமிறங்கின. அவற்றின் எரிவளிச் சுழலி எஞ்சினுக்கு மிக அதிகமான காற்று தேவை. மாவு போன்ற பாலைவன மணல் விரைவில் அடைத்ததால், வீரர்கள் வடிகட்டிகளை அடிக்கடி கழற்றித் தூசி தட்ட வேண்டியிருந்தது. பின்னர், அழுத்தக் காற்றை எதிர்த்திசையில் பாய்ச்சி வடிகட்டி தன்னையே தூய்மைப்படுத்திக்கொள்ளும் முறை சேர்க்கப்பட்டது.

சோதனையும் பராமரிப்பும்

இன்று வடிகட்டிகள் ஐ.எஸ்.ஓ. 5011 தரநிலையின்படி சோதிக்கப்படுகின்றன. இதற்குப் பயன்படும் தரப்படுத்தப்பட்ட தூசி, அரிசோனா தூசி என்றே அழைக்கப்படுகிறது.

உலர் வடிகட்டியின் மேல் படியும் மெல்லிய தூசிப் படலமும் வடிகட்டும் வேலையைச் செய்கிறது. எனவே ஓரளவு அழுக்கான வடிகட்டி, புதியதைவிட நன்றாகவே தூசியைப் பிடிக்கும். அடிக்கடி தட்டியும் ஊதியும் தூய்மை செய்வது நன்மை போலத் தோன்றினாலும், காகிதத்தைக் கிழிக்கவும் விளிம்பைத் தளர்த்தவும் கூடும். இதனால் பெரிய எஞ்சின்களில் தடை காட்டி ஒன்று பொருத்தப்படுகிறது. பல டீசல் எஞ்சின்களில் தடை 25 அங்குல நீர்மட்டத்தை, அதாவது சுமார் 6.2 கிலோபாஸ்கலை எட்டும்போது வடிகட்டியை மாற்ற வேண்டும்.