பகா எண்களும் ஒரு பிழையும்

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருஷத்தின் நாட்கள் என்பார்கள் பக்தர்கள். டிசம்பர் 31 இரவில் படிக்கொரு திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறுவார்கள். எனக்கு இந்தப் படிகள் வேறொரு கணக்குக்கும் உதவியிருக்கின்றன. கீழிருந்து எண்ணிக்கொண்டு போனால் 72 படிகளில் பகா எண்கள் விழுகின்றன: ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்கள். முதல் நூறு படிகளில் 25; கடைசி நூறில் 16. மேலே போகப்போக அருகுகின்றன. ஆனால் தீர்ந்துபோவதில்லை என்று யூக்ளிட் எப்போதோ நிரூபித்துவிட்டார். 2024-ல் கண்டுபிடிக்கப்பட்ட பகா எண் ஒன்றுக்கு நாலு கோடிக்கும் மேல் இலக்கங்கள்.

எந்த விகிதத்தில் அருகுகின்றன என்பதற்கு காஸ் ஒரு மதிப்பீடு தந்தார். 365 வரை அது சுமார் 79 என்கிறது; உண்மையைவிடக் கொஞ்சம் அதிகம். லட்சத்திலும் கோடியிலும்கூட அதிகம்தான். என்றைக்கும் இப்படித்தான் என்று நம்ப இதற்குமேல் என்ன வேண்டும்? ஆனால் 1914-ல் லிட்டில்வுட் வேறொன்றை நிரூபித்தார்: மதிப்பீடு உண்மைக்குக் கீழே இறங்கும் இடங்கள் உண்டு, அவற்றுக்கு முடிவும் இல்லை. அப்படி ஓர் இடத்தை இதுவரை யாரும் எண்ணிக் கண்டதில்லை. முதல் இடம் 317 இலக்கங்களைத் தாண்டாது என்பது மட்டும் தெரியும்.

இங்கேதான் ராமானுஜன் வருகிறார். 1913 ஜனவரியில் மதராஸ் துறைமுகக் குமாஸ்தாவாக இருந்தபடி ஹார்டிக்கு எழுதியபோது, பகா எண்களின் எண்ணிக்கையை மிக நுட்பமாகச் சொல்லும் சூத்திரம் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். சிறிய எண்களுக்கு அது அபாரமாகப் பொருந்தியது. அவர் கோரிய நுட்பம் பெரிய எண்களில் நிற்காது. கலப்பெண் சார்புகளின் கணிதம் அப்போது அவருக்குத் தெரியாது. பிழையின் வேர் அதுவே என்று ஹார்டி பின்னால் விளக்கினார். நாமகிரித் தாயார் கனவில் எழுதிக் காட்டியதை ஆயிரம் தடவை சொல்லும் நாம் இந்தப் பிழையைச் சொல்வதில்லை.

குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901-ல் பிறந்த எஸ். எஸ். பிள்ளையைப் பற்றி நம் மேடைகளில் ஒரு வார்த்தைகூட நான் கேட்டதில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். அடுத்தடுத்த எண்களை வரிசையாக எடுத்துக்கொண்டால், பதினாறு எண்கள் வரை, மற்ற எதனோடும் பொதுக்காரணி இல்லாத ஓர் எண் அவற்றுள் நிச்சயம் இருக்கும் என்று நிரூபித்தார். பதினேழில் விதி உடைகிறது. 2184 முதல் 2200 வரை பார்த்தால் அப்படி ஓர் எண் இல்லை. பதினாறோடு நிறுத்திக்கொள்ளாமல் அடுத்ததையும் பார்த்தவர் அவர். 1950 ஆகஸ்ட் 31-ல், அமெரிக்கா போகும் வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார்.

ராமானுஜனின் பிழையைச் சொல்வது அவரைச் சிறுமைப்படுத்துவது அல்ல. தெய்வத்துக்குப் பிழை நேராது. அதனாலேயே தெய்வத்திடம் கற்றுக்கொள்ளவும் எதுவும் இல்லை. தன் காலத்துக் கணிதத்தைத் தனியாகவே கட்டி எழுப்பிய ஒரு மனிதன் எந்த இடத்தில் தடுக்கினான் என்பதில் கற்க நிறைய இருக்கிறது. பதினாறு கவிதைகளைப் படித்துவிட்டு ஒரு கவிஞனைப் பற்றித் தீர்ப்பு எழுதிவிடும் நமக்கு, பதினேழாவதைப் படிக்கும் பொறுமை முதலில் வேண்டும்.