உலாவிவழி வானிலை எச்சரிக்கை

உலாவிவழி வானிலை எச்சரிக்கை என்பது கனமழை, இடிமின்னல், புயல், வெள்ளம் முதலியவை குறித்து வானிலை அமைப்புகள் வெளியிடும் எச்சரிக்கைகளை, இணைய உலாவியின் அறிவிப்பு வசதி மூலம் கணினித் திரையிலோ செல்பேசியிலோ உடனுக்குடன் பெறும் முறையாகும். இதற்கெனத் தனிச் செயலி எதையும் நிறுவ வேண்டியதில்லை. பயனர் ஓர் இணையத்தளத்துக்கு ஒருமுறை அனுமதி அளித்துவிட்டால், பின்னர் அத்தளத்தைத் திறந்து வைத்திராத வேளையிலும் எச்சரிக்கை வந்து சேரும்.

தோற்றம்

இணையத்தளங்கள் தாமாகவே பயனரை அழைத்துச் செய்தி சொல்லும் வசதி நெடுங்காலம் இருக்கவில்லை. பயனரே பக்கத்தை மீண்டும் மீண்டும் புதுப்பித்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஆப்பிள் நிறுவனம் 2013 இல் தன் சஃபாரி உலாவிக்கு மட்டும் உரிய ஒரு முறையைக் கொண்டுவந்தது. பொதுச் சீர்தரத்தின்படி அமைந்த வசதி 2015 இல் குரோம் 42 ஆம் பதிப்பிலும் 2016 தொடக்கத்தில் பயர்பாக்சு 44 ஆம் பதிப்பிலும் இடம்பெற்றது. ஐபோனில் இது 2023 மார்ச்சில் வெளியான ஐஓஎசு 16.4 உடன் தான் கிடைத்தது. அங்கும், தளத்தை முகப்புத் திரையில் சேர்த்துக்கொண்டவர்களுக்கு மட்டுமே இது இயங்கும்.

இயங்கும் முறை

பயனர் அனுமதி அளித்ததும் உலாவி, 'சர்வீசு ஒர்க்கர்' எனப்படும் சிறு நிரலைப் பின்னணியில் பதிந்து கொள்கிறது. அத்துடன் அந்த உலாவிக்கென ஒரு தனி முகவரியும் உருவாகிறது. எச்சரிக்கை அனுப்பும் தளத்தின் வழங்கி நேரடியாகப் பயனரின் கருவியைத் தொடர்பு கொள்வதில்லை. குரோமுக்குக் கூகுள், பயர்பாக்சுக்கு மொசில்லா, சஃபாரிக்கு ஆப்பிள் என அந்தந்த நிறுவனத்தின் இடைநிலை வழங்கியிடம் மறையாக்கம் செய்த செய்தியை ஒப்படைக்கிறது. கருவி இணையத்தில் இருந்தால் இடைநிலை வழங்கி அதை உடனே கொண்டு சேர்க்கும். இல்லையெனில் குறித்த காலம் வரை காத்து வைக்கும்.

வானிலையைப் பொறுத்தவரை இந்தக் காத்திருப்புக் காலமே முதன்மையானது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் உடனடி முன்னறிவிப்பு ஏறத்தாழ அடுத்த மூன்று மணி நேரத்துக்கு மட்டுமே உரியது. மாலை நான்கு மணிக்கு வெளியான இடிமின்னல் எச்சரிக்கை, இரவு பத்து மணிக்குக் கணினியைத் திறப்பவருக்குப் புதிய செய்திபோல வந்து நின்றால் அது பயனற்றது மட்டுமன்று, கேடும் விளைவிக்கும். அடுத்த முறை வரும் உண்மையான எச்சரிக்கையை அவர் பொருட்படுத்த மாட்டார். ஆகவே, எச்சரிக்கை காலாவதியாகும் நேரத்தையே செய்தியின் ஆயுளாக அமைப்பது முறையாகும். அந்த நேரம் கடந்தால் இடைநிலை வழங்கி செய்தியைக் கைவிட்டுவிடும். ஒரே புயல் பற்றிப் பல எச்சரிக்கைகள் அடுத்தடுத்து வரும்போது, பழையதை நீக்கிப் புதியதை மட்டும் காட்டவும் சீர்தரத்தில் வழியுண்டு. கவனமின்றி அமைக்கப்பட்ட தளங்களில் இவ்விரண்டும் விடுபட்டுப் போவதுண்டு.

எச்சரிக்கையின் மூலம்

தளங்கள் எச்சரிக்கைகளைத் தாமே உருவாக்குவதில்லை, உருவாக்கவும் கூடாது. பொது எச்சரிக்கை நெறிமுறை என்னும் வடிவில் அரசு அமைப்புகள் வெளியிடும் தரவை எடுத்து அனுப்புகின்றன. 2004 இல் ஓயாசிசு அமைப்பு ஏற்றுக்கொண்ட இந்நெறிமுறையின் 1.2 ஆம் பதிப்பு 2010 இல் வெளிவந்தது. நிகழ்வின் வகை, கடுமை, அவசரம், உறுதிப்பாடு, பரப்பு, காலாவதி நேரம் என ஒவ்வொன்றுக்கும் இதில் தனிப் புலம் உள்ளது. முந்தைய எச்சரிக்கையைத் திருத்தவும் விலக்கவும் இடமுண்டு. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய வானிலைச் சேவை இத்தரவை எவரும் கட்டணமின்றிப் பெறும்படி வழங்குகிறது. இந்தியாவில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' தளம் இந்நெறிமுறையைப் பின்பற்றுகிறது.

இடம்

அமெரிக்கச் சேவை 2007 அக்டோபர் முதல் சூறாவளி, கடும் இடிமழை முதலியவற்றுக்கான எச்சரிக்கைகளைக் கவுண்டி எல்லைகளை விட்டுவிட்டு, புயல் செல்லும் பாதையை ஒட்டி வரையப்படும் பல்கோணங்களாக வெளியிடுகிறது. இந்தியாவில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் பெரும்பாலும் மாவட்ட வாரியாக அமைகின்றன.

உலாவி வழியில் ஒரு பெருங்குறை உண்டு. பின்னணியில் இயங்கும் நிரலால் கருவி இப்போது எங்கிருக்கிறது என்று அறிய இயலாது. பதிவு செய்தபோது தெரிவித்த இடமே கணக்கில் கொள்ளப்படும். சென்னையில் பதிவு செய்தவர் நாகப்பட்டினத்துக்குச் சென்றாலும் அவருக்குச் சென்னை எச்சரிக்கையே வரும். நாகப்பட்டினத்தின் சிவப்பு எச்சரிக்கை வராது. பயணம் செய்வோர் தாமே ஊரை மாற்றிக்கொள்ள வேண்டும்.

தமிழில் அனுப்புதல்

அறிவிப்புச் செய்தி ஒன்று 4096 பைட்டுகள் வரை இருக்கலாம். ஒருங்குறியின் யுடிஎப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்ளும். 'மி' போன்ற உயிர்மெய்க்கு ஆறு பைட்டு ஆகும். அவ்வாறாயினும் ஒரு முழு எச்சரிக்கைக்கு இது தாராளமாகப் போதும். குறுஞ்செய்தியில் நிலைமை வேறு. அங்கு இலத்தீன் எழுத்தில் 160 குறியீடுகள் அடங்கும் இடத்தில் தமிழில் 70 தான் அடங்கும். ஆனால் திரையில் முதலில் தெரிவது ஓரிரு வரிகளே என்பதால், ஊர்ப்பெயரும் நேரமும் தொடக்கத்திலேயே வர வேண்டும். துறையின் பெயரில் தொடங்கி இறுதியில் ஊரைச் சொல்லும் அலுவலக நடை இங்கு உதவாது.

வரம்புகள்

மின்சாரமும் இணையமும் இருக்கும் வரையே இம்முறை பயன்படும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தபோது மின்சாரத்துடன் செல்பேசி, இணையச் சேவைகளும் பாதிக்கப்பட்டன. கணினியில் உலாவி முழுதும் மூடப்பட்டிருந்தால் அறிவிப்பு வராமல் போகலாம். ஆண்ட்ராய்டில் உலாவி மூடியிருந்தாலும் பெரும்பாலும் வரும் என்றாலும், மின்கலச் சேமிப்பு அமைப்புகள் அதைத் தாமதப்படுத்தக்கூடும். தொலைபேசி ஒலியடக்கத்தில் இருந்தால் உறங்குபவரை இது எழுப்பாது. கோபுரத்தின் கீழுள்ள எல்லாத் தொலைபேசிகளுக்கும் எண் தெரியாமலேயே உரத்த ஒலியுடன் செய்தி அனுப்பும் செல் ஒலிபரப்பு முறைக்கு இக்குறைகளில் பல இல்லை. அம்முறை இந்தியாவில் 2023 இல் மாநிலம் மாநிலமாகச் சோதிக்கப்பட்டது.

ஆழ்கடலில் இவ்விரண்டுமே எட்டா. 2017 நவம்பர் 30 அன்று குமரிக் கடலில் ஒக்கிப் புயல் விரைந்து வலுப்பெற்றபோது, முன்னரே தொலைதூரக் கடலுக்குச் சென்றிருந்த மீனவர் பலரைக் கரையிலிருந்து அனுப்பிய எச்சரிக்கைகள் சென்றடையவில்லை. பலர் உயிரிழந்தனர். இதன்பின் 2019 இல், செயற்கைக்கோள் வழிச் செய்தியைப் பெற்றுப் படகிலுள்ள செல்பேசிக்குப் புளூடூத் மூலம் அளிக்கும் 'செமினி' என்னும் கருவி அறிமுகம் செய்யப்பட்டது. அது செய்தியைப் பெறும், ஆனால் படகிலிருந்து கரைக்கு அனுப்பாது.

அனுமதியும் முறைகேடும்

விளம்பரத் தளங்கள் அனுமதிச் சாளரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதால், 2020 இல் குரோமும் பயர்பாக்சும் அதை அடக்கமாகக் காட்டும் மாற்றங்களைச் செய்தன. இதனால் உண்மையான வானிலைத் தளத்தின் கோரிக்கையும் முகவரிப் பட்டையில் ஒரு சிறு சின்னமாகச் சுருங்கி, கண்ணில் படாமல் போகலாம். ஒருமுறை மறுத்துவிட்டால் தளம் மீண்டும் கேட்க இயலாது. பயனரே உலாவியின் அமைப்புகளுக்குச் சென்று அனுமதியை மாற்ற வேண்டும்.